கனோலா வயலில் பூச்சிச் சேதம்: எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

வயலில் பூச்சி இருக்கிறது. மருந்தடிக்கும் அளவுக்கு இருக்கிறதா?

கேட்க எளிய இந்தக் கேள்விக்கு 1959-இல் ஒரு முறையான வடிவம் கிடைத்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வெர்னன் ஸ்டெர்ன், ரே ஸ்மித், ராபர்ட் வான் டென் பாஷ், கென்னத் ஹேகன் ஆகிய நால்வரும் குதிரைமசாலைத் தாக்கிய அசுவினியை முன்வைத்து எழுதிய கட்டுரையில் இரண்டு அளவுகளைப் பிரித்துக் காட்டினார்கள். பூச்சியால் வரும் இழப்பின் மதிப்பு அதைத் தடுக்கும் செலவுக்குச் சமமாகும் புள்ளி ஒன்று. அந்தப் புள்ளியை எட்டவிடாமல் தடுக்க, அதற்குச் சற்று முன்பே நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு மற்றொன்று. பின்னதைத்தான் நம் வேளாண் கையேடுகள் 'பொருளாதாரச் சேத நிலை' என்கின்றன. அந்தக் கட்டுரை வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கருத்தளவில் அதை மறுப்பவர்கள் குறைவு. வயலில் அதை அப்படியே பின்பற்றுபவர்களும் குறைவு.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கனோலா பொருத்தமான பயிர். கடுகுக் குடும்பத்து எண்ணெய் வித்தான ரேப்சீடிலிருந்து, எரூசிக் அமிலமும் குளுக்கோசினோலேட்டும் குறைந்த ரகங்களைக் கனடாவின் பால்டர் ஸ்டெஃபான்சனும் கீத் டவுனியும் உருவாக்கினார்கள். இரண்டுமே குறைந்த முதல் ரகமான 'டவர்' 1974-இல் வெளிவந்தது. இன்று அல்பர்ட்டா, சஸ்காட்சவன், மானிட்டோபா ஆகிய சமவெளி மாகாணங்களில் ஆண்டுதோறும் 2 கோடி ஏக்கர் அளவில் கனோலா விளைகிறது. முளைவிடும் நாள் முதல் காய் முற்றும் வரை ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பூச்சி உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சேத நிலையும் அச்சில் இருக்கிறது. ஆனால் அந்த எண்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில, பல ஆண்டு வயல் சோதனையில் விளைந்தவை. சில, அனுபவசாலிகள் உத்தேசமாகச் சொல்லி நிலைத்துவிட்டவை. கையேட்டின் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் ஒரே எழுத்தளவில் நிற்கின்றன.

அடையாளம்: ஒரே தழும்பு, பல காரணங்கள்

எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று தெரிய வேண்டும். பூச்சி கண்காணிப்பு பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை இந்தப் படியை விரைவாகக் கடந்துவிடுகின்றன. தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான் எனத் தோன்றுகிறது.

தெள்ளுவண்டை எடுத்துக்கொள்வோம். கடுகு மணி அளவிலான, தொட்டால் துள்ளும் வண்டு. சமவெளியில் முக்கியமானவை இரண்டு இனங்கள்: உடல் முழுதும் கருநீலமாக மின்னுவது ஒன்று, முதுகில் இரு மஞ்சள் வரி கொண்டது மற்றொன்று. இரண்டும் ஐரோப்பிய-ஆசிய நிலப்பரப்பிலிருந்து வட அமெரிக்காவுக்கு வந்தவை. குளிர்காலத்தைச் சருகுகளுக்கடியில் கழித்துவிட்டு, வசந்தத்தில் கனோலா முளைக்கும் அதே சமயத்தில் வெளிவருகின்றன. வித்திலையின் மேற்பரப்பைச் சுரண்டிச் சிறு குழி போடுகின்றன. குழியைச் சுற்றியுள்ள திசு காய்ந்து உதிர்ந்த பிறகே அது துளையாகிறது. ஆக, இன்று காணும் துளை சில நாள் முந்தைய கதை. இன்றைய தாக்குதலைக் காட்டுவது ஈரம் காயாத புதுக் குழி. புதுக் குழியையும் பழைய துளையையும் சேர்த்துக் கணக்கிட்டால், வண்டு ஓய்ந்துபோன வயலுக்கும் மருந்தடிக்க நேரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சந்தைக்கு வரும் கனோலா விதை ஏறக்குறைய முழுதும் பூச்சிக்கொல்லியால் விதை நேர்த்தி செய்யப்பட்டது. அந்த மருந்து செடிக்குள் இருக்கிறது. வண்டு கடித்தால்தான் அதன் வயிற்றுக்குள் போகும். அதனால் நேர்த்தி நன்றாக வேலை செய்யும் வயலிலும் ஓரளவு குழிகள் இருந்தே தீரும். அந்தக் குழிகளை நேர்த்தி தோற்றதற்கான சான்றாக எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை. இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது. வெயிலும் காற்றடங்கிய வெப்பமும் இருக்கும் நாளில் வண்டு இலையின் மேல் உட்கார்ந்து தின்னும். குளிரும் காற்றும் இருந்தால் இலையடிக்கும் தண்டுக்கும் இறங்கிவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு இலை நன்றாகவே தெரியும். கீழே தண்டு அரைபட்டு, அடுத்த காற்றில் நாற்று ஒடியும்.

நாற்றுப் பருவத்தில் பூச்சி போலவே வேடமிடும் பிற காரணங்களும் இருக்கின்றன. காற்றில் பறந்துவந்த மணல் இலையைக் கிழிக்கும். ஆனால் ஒரு பக்கமாகவே கிழிக்கும். ஆலங்கட்டி தண்டிலும் காயம் விடும். பனி, வித்திலையை விளிம்பிலிருந்து கருக்கும். வெட்டுப்புழு நாற்றைத் தரைமட்டத்தில் அறுத்துப் போடும். செடிகள் திட்டுத்திட்டாகக் காணாமல் போகும். வாடிய செடிக்கும் நன்றாக உள்ள செடிக்கும் நடுவே ஓரிரு அங்குலம் மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும் புழு கிடைக்கும். முளைக்காத விதையால் வந்த வெற்றிடத்தில் கிடைக்காது.

பூப்பருவம் இன்னும் குழப்பமானது. பூ உதிர்ந்து காய் பிடிக்காமல் காம்பு மட்டும் நிற்பதற்கு லைகஸ் நாவாய்ப்பூச்சி காரணமாகலாம், கடும் வெப்பம் காரணமாகலாம், கந்தகப் பற்றாக்குறையும் காரணமாகலாம். 2012-இல் சமவெளியெங்கும் காய்கள் காற்றடைத்த பைபோல் உப்பி, செடிகள் ஊதா நிறம் கொண்டன. அது தெற்கிலிருந்து காற்றில் வந்த தத்துப்பூச்சி பரப்பிய ஆஸ்டர் மஞ்சள் நோய். பூச்சி தின்றதால் வந்த சேதம் அதில் மிகக் குறைவு.

ஆனால் அடையாளப் பிழைக்கு ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு மொட்டு ஈயின் கதை. நெல்லின் ஆனைக்கொம்பன் ஈக்கு உறவான சிறு ஈ ஒன்று, 2000 வாக்கில் ஒன்டாரியோவில் முட்டைக்கோசு இனப் பயிர்களில் கண்டறியப்பட்டது. ஐரோப்பாவில் பழைய பகைவனான ஸ்வீட் ஈ அது. செடியின் குருத்தையே சிதைத்து ஒன்டாரியோ கனோலாவுக்குப் பெரும் தொல்லை கொடுத்தது. பின்னர் மேற்கே சஸ்காட்சவனிலும் இதழ் விரியாமல் குடுவைபோல் வீங்கிய மொட்டுகள் தென்பட்டன. அதே ஈ இங்கும் வந்துவிட்டது என்றே எல்லாரும் எண்ணினார்கள். கண்காணிப்பும் அந்த எண்ணத்தின்படியே அமைந்தது. ஆனால் சேதம் இருந்த வயல்களில் வைத்த ஸ்வீட் ஈக்கான இனக்கவர்ச்சிப் பொறிகளில் ஈ விழவில்லை. சேதத்தின் தோற்றமும் ஒத்துவரவில்லை. உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது அது அறிவியலுக்கே புதிய இனம் எனத் தெரிந்தது. 2019-இல் கான்ட்டரீனியா பிராசிகோலா என்ற பெயர் பெற்றது. பரவலாக இருந்தாலும் ஒன்டாரியோவின் ஸ்வீட் ஈபோல் பயிரை அழிப்பதாக அது இதுவரை அறியப்படவில்லை. பல ஆண்டுகள் தவறான பூச்சிக்குப் பொறி வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். வெறும் பொறியைப் 'பூச்சி இல்லை' என்றும் படிக்கலாம், 'வேறு பூச்சி' என்றும் படிக்கலாம் என்பதை இந்த நிகழ்வு உணர்த்தியது.

முன்காப்பு நிலைப்பாடு

எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் வேலையே வேண்டாம், முன்னதாகவே காப்பீடுபோல் மருந்தை வைத்துவிடலாம் என்பது முதல் நிலைப்பாடு. வெளிப்படையாக இப்படி எழுதுபவர்கள் இல்லை. நடைமுறையில் மிகப் பலர் பின்பற்றுவது இதைத்தான். இதன் பிறப்பு விதை நேர்த்தியில். முன்பு லின்டேன், 2000-களின் தொடக்கத்தில் அது விலகியபின் நியோனிகோடினாய்டு வகை மருந்துகள். இவை விதைத்த நாளிலிருந்து மூன்று நான்கு வாரம் நாற்றைக் காக்கும்.

இதை வெறும் சோம்பல் என்று ஒதுக்க முடியாது. சஸ்காட்சவனில் சராசரிப் பண்ணையின் பரப்பு 1,700 ஏக்கருக்கு மேல். தெள்ளுவண்டு ஒரு வெப்பமான வார இறுதியிலேயே வயலைக் காலி செய்யக்கூடியது. எல்லா வயலையும் அந்த இரண்டு மூன்று நாளுக்குள் நடந்து பார்க்க ஆளில்லை. சேத நிலைக் கணக்கு பூச்சியின் இழப்பையும் மருந்தின் செலவையும் எடைபோடுகிறது. பார்த்துவரும் ஆளின் கூலியையும் நேரத்தையும் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை. இந்த இடத்தில் முன்காப்பாளர் தரப்பில் நியாயம் இருக்கிறது.

பலவீனம் காலப்போக்கில்தான் தெரிந்தது. அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் லாயிட் டோஸ்டால் குழுவினர் செய்த ஆய்வுகளில், நியோனிகோடினாய்டு நேர்த்திக்குக் கருநீல வண்டைவிட வரி வண்டு குறைவாகவே சாவது தெரியவந்தது. வரி வண்டு வசந்தத்தில் முந்தி வெளிவருவதும்கூட. ஒரே மருந்து ஒரு இனத்தை அடக்கி மற்றதற்கு இடம் விடுகிறது. வரி வண்டின் பங்கு பல பகுதிகளில் கூடியிருப்பதைப் பின்னர் நடந்த கணக்கெடுப்புகள் காட்டின. அதற்கு மருந்து மட்டுமே காரணமா என்பது உறுதியாகவில்லை.

ஐரோப்பிய அனுபவத்தை இரு தரப்பும் மேற்கோள் காட்டுகின்றன. தேனீக்களுக்கான அச்சத்தால் 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இந்த விதை நேர்த்தியைத் தடுத்தது. அதன் பின் பிரிட்டனில் தண்டுத் தெள்ளுவண்டின் தாக்குதல் கடுமையானது. பைரித்திராய்டு மருந்துக்கு அந்த வண்டு ஏற்கெனவே எதிர்ப்புத் திறன் பெற்றிருந்ததால் தெளிப்பும் பலிக்கவில்லை. 2012-இல் ஏழரை லட்சம் ஹெக்டேர் அளவில் இருந்த பிரிட்டனின் ரேப்சீடுப் பரப்பு பிற்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது. தடையின் விலை இது என்கிறார்கள் ஒரு சாரார். முன்காப்பில் ஊறிய பயிர்முறைக்கு வேறு ஊன்றுகோல் இல்லாமல் போனதன் விலை என்கிறார்கள் மறுசாரார். இலையுதிர்கால வறட்சிக்கும் விலைக்கும் இதில் பங்கு உண்டு. ஜெர்மனியிலும் பிரான்சிலும் பரப்பு சரிந்து, பிறகு ஓரளவு மீண்டதைப் பார்த்தால் தடை மட்டுமே காரணம் என்பது முழு விளக்கமாகத் தெரியவில்லை.

முன்காப்பின் இன்னொரு வடிவம் பூப்பருவத்தில் நடக்கிறது. தண்டழுகல் நோய்க்குப் பூஞ்சைக்கொல்லி அடிக்கப் போகும்போது, எப்படியும் இயந்திரம் வயலில் இறங்குகிறதே என்று பூச்சிக்கொல்லியையும் தொட்டியில் கலந்துவிடுவது. இதற்கு ஆதரவான வாதம் எதுவும் வலுவாக இல்லை. தேனீ மொய்க்கும் நேரம் அது. நன்மை செய்யும் குளவிகள் இருக்கும் நேரமும் அதுவே.

சேத நிலை வழி

ஸ்டெர்ன் குழுவினர் காட்டிய வழியில் செல்வோர் இரண்டாம் தரப்பு. இதன் பலத்தை அறிய பெர்த்தா படைப்புழுவைப் பார்க்கலாம். கனடா ஆய்வாளர்களான பிராக்கனும் புக்கரும் செயற்கையாகப் புழுக்களை வயலில் விட்டு மகசூலை அளந்து 1977-இல் எழுதினார்கள். கையேடுகளில் வழங்கும் கணக்கு இது: சதுர மீட்டருக்கு ஒரு புழு இருந்தால் ஏக்கருக்கு 0.058 புஷல் இழப்பு. ஒரு கனோலா புஷல் ஏறத்தாழ 22.7 கிலோ என்பதால், ஒரு புழுவுக்கு ஏக்கருக்கு 1.3 கிலோ. ஏக்கருக்குத் தெளிப்புச் செலவு 15 டாலர், புஷல் விலை 15 டாலர் என்று வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு 17 புழு இருக்கும்போது வரவும் செலவும் சமம். விலை 10 டாலராக விழுந்தால் அதே கணக்கு 26 புழுவைத் தாங்கச் சொல்லும். புழு மாறவில்லை, செடி மாறவில்லை. சந்தை மாறியதால் சேத நிலை மாறியது. கொள்கை கேட்டது இதைத்தான்.

இதிலும் ஐயம் எழ இடம் உண்டு. 1970-களின் ரகங்களைவிட இன்றைய கலப்பினங்கள் கிட்டத்தட்ட இரு மடங்கு விளைகின்றன. அன்றைய 0.058 இன்றைய செடிக்கும் பொருந்துமா? அதோடு எண்ணும் முறையும் எளிதல்ல. செடியை அசைத்தால் புழு கீழே விழுந்து சருகிலும் மண்கட்டியிலும் ஒளிந்துகொள்ளும். செடியை மட்டும் பார்ப்பவர் பாதியைத் தவறவிடுவார். பச்சை, பழுப்பு, கறுப்பு என்று ஒரே இனத்திலேயே நிறம் வேறுபடுவதால், இருப்பது ஒரு பூச்சியா மூன்று பூச்சியா என்ற குழப்பமும் வரும்.

தெள்ளுவண்டுக்கு வரும்போது நிலைமை வேறு. வித்திலைப் பரப்பில் 25 சதவீதம் போயிருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது கனடாவில் யாரும் அறிந்த விதி. உண்மையில் இழப்பு செலவைத் தாண்டுவது 50 சதவீதத்தை ஒட்டித்தான் என்று கருதப்படுகிறது. வண்டு வேகமாகத் தின்பதாலும், மருந்தடிக்க ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம் என்பதாலும் 25 என்று பாதியில் கோடு போட்டிருக்கிறார்கள். வினிபெக் ஆய்வாளர் லாம்ப் 1984-இல் வெளியிட்டது போன்ற சோதனைகள் இதற்குப் பின்னணியாக உள்ளன. ஆனாலும் விலைக்கும் செலவுக்கும் ஏற்ப நகராத ஓர் எண்ணைப் 'பொருளாதார' நிலை என்று அழைப்பது மரியாதைக்காகத்தான். அதற்கும் மேலாக, 25 சதவீதம் என்பது எவ்வளவு என்று கண்ணால் மதிப்பிடுவதில் நாம் எல்லாரும் கூட்டியே சொல்கிறோம். சிதறிய பத்துப் பன்னிரண்டு துளைகள் கண்ணைப் பதறவைக்கும். பரப்பாகக் கூட்டினால் பத்து சதவீதம்கூடத் தேறாது. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் படங்களைக் கையேடுகளில் சேர்க்கிறார்கள். தண்டுச் சேதத்துக்கு அப்படிப்பட்ட படமும் இல்லை, ஒப்புக்கொள்ளப்பட்ட சதவீதமும் இல்லை.

வைரமுதுகு அந்துப்பூச்சி இரண்டுக்கும் இடைப்பட்டது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் முட்டைக்கோசு போடுவோர் நன்கறிந்த அதே பூச்சி. கனடாவில் அது குளிர்காலத்தைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் அமெரிக்காவின் தெற்கிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் காற்றில் ஏறி வருகிறது. பூப்பருவம் வரை சதுர மீட்டருக்கு 100 முதல் 150 புழு, காய்ப் பருவத்தில் 200 முதல் 300 என்பது பரிந்துரை. 30 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் உள்ள செடிகளைப் பிடுங்கிச் சுத்தமான பரப்பில் தட்டி எண்ண வேண்டும். தொட்டால் பின்னோக்கித் துடித்து நூலில் தொங்குவதே இந்தப் புழுவின் அடையாளம். மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெறுவதில் இது பேர்போனது: டி.டி.டி-க்கு எதிர்ப்பு 1953-லேயே ஜாவாவில் பதிவானது. தேவையற்ற ஒவ்வொரு தெளிப்பும் அடுத்த ஆண்டின் மருந்தைப் பறிக்கிறது என்ற செலவு, சேத நிலை அட்டவணை எதிலும் இடம்பெறவில்லை.

நோயைச் சுமந்து வரும் பூச்சியிடம் சேத நிலை என்ற எண்ணமே தடுமாறுகிறது. 2014-இல் தென் ஆஸ்திரேலியாவின் கனோலாவில் பச்சை அசுவினி பரப்பிய வைரஸ் பெரும் சேதம் செய்தது. இலையில் மஞ்சளும் ஊதாவும் தெரியும்போது தொற்று முடிந்து வாரங்கள் ஆகியிருக்கும். அங்கே எண்ணிக் காத்திருப்பது பயனற்றது. களைகளையும் கோடைப் பசுமையையும் விதைப்புக்கு முன்பே ஒழிப்பதுதான் பலித்தது.

ஈடுகட்டும் பயிர்

மூன்றாவது தரப்பினர் பூச்சியிலிருந்து பார்வையைச் செடிக்குத் திருப்புகிறார்கள். கனோலா தனக்குத் தேவையானதைவிட மிக அதிகமாகப் பூக்கிறது. பூச்சி தொடாவிட்டாலும் பெரும்பகுதி உதிரத்தான் போகிறது. அப்படியென்றால் பூச்சி தின்ற மொட்டில் எத்தனை உண்மையான இழப்பு?

இந்தச் சிந்தனையின் தெளிவான வடிவம் பிரிட்டனின் மகரந்த வண்டில் கிடைக்கிறது. முன்பு செடிக்கு 15 வண்டு, பயிர் பலவீனமாக இருந்தால் 5 வண்டு என்பது விதி. எல்லிஸும் பெர்ரியும் செடிகளின் உபரி மொட்டுகளையும், ஒரு வண்டு எத்தனை மொட்டை அழிக்கும் என்பதையும் கணக்கிட்டார்கள். அதன் பயனாக விதி தலைகீழானது. சதுர மீட்டருக்கு 30 செடிக்குக் குறைவாக இருந்தால் செடிக்கு 25 வண்டு வரை தாங்கலாம். 70 செடிக்கு மேலிருந்தால் 7 வண்டே எல்லை. பயிர் அடர்த்தி குறைந்தால் பயம் கூட வேண்டும் என்பது பொதுப்புத்தி. ஆனால் இடம் கிடைத்த செடி கிளைத்து ஏராளமாக மொட்டு விடுகிறது. நெருக்கத்தில் நிற்கும் செடியிடம் உபரி இல்லை. பூ விரிந்தபின் இதே வண்டு மகரந்தத்தைத் தின்று திரிவதால் தொல்லையும் குறைந்துவிடுகிறது.

கனடாவில் லைகஸ் பூச்சியில் இதற்கு இணையான வாதம் நடந்தது. மானிட்டோபாவில் வைஸும் லாம்பும் 1998-இல் வெளியிட்ட சேத நிலை, பத்து வலைவீச்சுக்கு 15 பூச்சி என்ற அளவில் அன்றைய விலைக்கும் செலவுக்கும் ஏற்ப அமைந்தது. மொட்டு முதல் பூ முடியும் வரை 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கிடைத்தால் பயிர் ஓரளவு ஈடுகட்டும் என்ற குறிப்பும் உண்டு. லெத்பிரிட்ஜில் ஹெக்டர் கார்கமோ குழுவினர் பிற்பாடு செய்த ஆய்வுகள், இன்றைய ரகங்கள் இதைவிட அதிகம் தாங்குகின்றன என்ற திசையில் சென்றன. பத்து வீச்சுக்கு 20 முதல் 30 என்று பரிந்துரை உயர்ந்திருக்கிறது.

இந்த நிலைப்பாட்டுக்கும் எல்லை உண்டு. ஈடுகட்ட நீரும் நாளும் வேண்டும். வறண்ட ஆண்டில் செடி மறுபடி பூக்காது. பூத்தாலும் காய்கள் ஒரே சமயத்தில் முற்றாது, அறுவடை தள்ளிப்போகும், முதல் உறைபனி முந்திக்கொள்ளும். மகசூல் எண்ணிக்கையில் ஈடுகட்டியதாகத் தெரியும் பயிர், பச்சை விதை கலந்து தரத்தில் இழந்திருக்கலாம். ஈடுகட்டும் திறனை எண்ணாக்கும் ஆய்வுகளில் இந்தக் காலச் செலவு போதிய அளவு இடம்பெறவில்லை என்றே தோன்றுகிறது.

எதிரிகளையும் எண்ணுவோர்

பூச்சியை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கு என்பது நான்காம் தரப்பு. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவுக்குள் முட்டையிடும் டயடெக்மா குளவி, பெர்த்தா படைப்புழுவைக் கொல்லும் பாங்கஸ் குளவி, டாக்கினிட் ஈ, வைரஸ் நோய் ஆகியவை பல வெடிப்புகளை அடக்கியிருக்கின்றன. நீலகிரி முட்டைக்கோசுத் தோட்டங்களில் டயடெக்மா இனத்தின் ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டு நிலைபெறச் செய்ததும் இதே எண்ணத்தில்தான்.

வாதம் சரி. வயலில் செயல்படுத்துவதுதான் கடினம். குளவி குத்திய புழு சில நாள் நன்றாகவே தின்றுகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்து எது குத்துப்பட்டது என்று சொல்ல முடியாது. அறுத்துப் பார்க்க வேண்டும், அல்லது கூண்டில் வளர்த்துக் காத்திருக்க வேண்டும். நூறு புழுவில் எத்தனை குத்துப்பட்டிருந்தால் சேத நிலையை எவ்வளவு உயர்த்தலாம் என்று கனோலாவில் நிறுவப்பட்ட அட்டவணை இல்லை.

பொறியும் வலையும் படமும்

கண்காணிப்புக் கருவிகளைப் பற்றிய விவாதத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பொறி ஒரு கேள்விக்கும் வலை வேறொரு கேள்விக்கும் விடை சொல்கின்றன. இதைக் கலந்துவிடுவதில்தான் தகராறு. சமவெளி மாகாணங்களின் கண்காணிப்பு வலையமைப்பு இனக்கவர்ச்சிப் பொறிகளில் விழும் ஆண் அந்துகளை எண்ணி வரைபடம் போடுகிறது. பெர்த்தா படைப்புழுவுக்குப் பருவம் முழுவதும் சேர்த்து 300-க்குக் கீழே விழுந்தால் அபாயம் குறைவு. 1,200-க்கு மேல் என்றால் அதிகம். காற்றின் பாதையைப் பின்னோக்கிக் கணித்து வைரமுதுகு அந்துப்பூச்சி எந்த வாரம் வரக்கூடும் என்றும் சொல்கிறார்கள். இவை வட்டாரத்துக்கான எச்சரிக்கை. பக்கத்துப் பக்கத்து வயல்களில் புழு எண்ணிக்கை பெரிதும் மாறுபடும் என்பதால், பொறியின் எண்ணை வைத்து ஒரு வயலுக்கு மருந்தடிப்பது தவறு.

வலைவீச்சிலும் இடம் முக்கியம். காய்க் கூன்வண்டு 1995-இல் தெற்கு அல்பர்ட்டாவில் தென்பட்டது முதல் அங்கு நிலைத்துவிட்ட பூச்சி. வயலின் ஓரத்தில்தான் முதலில் கூடும். பத்து சதவீதம் பூத்த நிலையில், வாகனத்தை நிறுத்திய இடத்தருகே மட்டும் வலை வீசினால் வீச்சுக்கு ஐந்தாறு விழலாம். உள்ளே நூறு மீட்டர் நடந்தால் ஒன்று. அதைப் பார்த்தபின் ஓரத்துக்கு மட்டும் மருந்தடித்தால் போதும் என்ற முடிவுக்கும் வரலாம்.

ட்ரோன், செயற்கைக்கோள், கேமரா பொறி ஆகியவை பற்றி இப்போது பேச்சு அதிகம். ஒட்டும் அட்டையில் வரி வண்டையும் கருநீல வண்டையும் பிரித்தறிவது படம் பார்க்கும் நிரலுக்கு எட்டக்கூடிய வேலை. ஆனால் மேலிருந்து எடுக்கும் படம் இலை குறைந்திருப்பதைக் காட்டும். தின்றது யார் என்று காட்டாது. தண்டில் நடப்பதும் மண்ணுக்கடியில் வெட்டுப்புழு செய்வதும் அதற்குத் தெரியாது. எங்கே நடந்து பார்க்க வேண்டும் என்று சொல்ல அது உதவும். நடப்பதை மிச்சப்படுத்தும் என்ற உறுதிமொழியை இப்போதைக்கு ஏற்பது கடினம்.

எங்கே நிற்கிறோம்

நான்கு தரப்பும் தத்தம் எல்லைக்குள் சரி என்று முடித்துவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. பெர்த்தா படைப்புழு, லைகஸ், பிரிட்டனின் மகரந்த வண்டு ஆகிய மூன்றிலும் பூச்சி எண்ணிக்கையிலிருந்து மகசூலுக்கு அளந்து போட்ட பாலம் இருக்கிறது. அங்கே சேத நிலையை மீறி முன்காப்பாக மருந்தடிப்பதற்கு நியாயம் இல்லை. தெள்ளுவண்டிலும் வைரமுதுகு அந்துப்பூச்சியிலும் அந்தப் பாலம் அரைகுறை. அங்கே எண்ணை ஆணையாக எடுத்துக்கொள்ளாமல் செடியின் அடர்த்தி, மண்ணின் ஈரம், நாளைய வெப்பம், சேதம் புதிதா பழையதா என்பவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. சதுர மீட்டருக்கு 50 முதல் 80 செடி நிற்கும் வயலும் 30 செடி நிற்கும் வயலும் 25 சதவீதச் சேதத்தை ஒரேபோல் தாங்கா.

தீராத கேள்விகள் சில பெரியவை. ஒரே வலையில் லைகஸும் கூன்வண்டும் விழுகின்றன. இரண்டும் தத்தம் நிலைக்குச் சற்றுக் கீழே இருந்தால் என்ன செய்வது? தனித்தனி எண்களைக் கூட்டலாமா என்பதற்கு ஆதாரம் போதவில்லை. பழைய ரகங்களில் அளந்த இழப்புகளைக் கலப்பினங்களில் மறுபடி அளக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பூச்சிக்குப் பூச்சி அந்த வேலை வெவ்வேறு தொலைவில் நிற்கிறது. வயலைப் பார்த்துவரும் செலவைக் கணக்கில் சேர்த்தால் முன்காப்பின் கை ஓங்கும், எதிர்ப்புத் திறனையும் தேனீயையும் சேர்த்தால் தாழும். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்த ஆய்வு அரிது. தெள்ளுவண்டின் தண்டுச் சேதத்துக்கு எண் கிடையாது. இலைச் சேதத்துக்கான 25 சதவீதம் குறையுள்ளது என்று அறிந்தவர்களே அதைப் பரிந்துரைக்கிறார்கள். அதன் இடத்தில் வைக்க வயலில் நிறுவப்பட்ட வேறு எண் இன்னும் இல்லை.